போலீஸ் மீதே புகார் கொடுக்க வேண்டி வந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அத்தை மகனை ஒரு காவல் நிலையத்தில் இரவு முழுவதும் வைத்து அடித்தார்கள். காணாமல் போன ஒரு பைக்கைப் பற்றிய விசாரணை. விடிந்ததும், உண்மையான ஆள் கிடைத்துவிட்டான் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனைக்கு அவனைக் கூட்டிச் சென்றது நான். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்டார். ஸ்டேஷன் பெயரைச் சொன்னால் மறுபடியும் தூக்கிக்கொண்டு போவார்களோ என்ற பயத்தில், "படியில் விழுந்துவிட்டான்" என்று சொன்னேன். அது அப்படியே சீட்டில் ஏறியது. அதன்பிறகு நாங்கள் எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் அந்தச் சீட்டே பதிலாக வந்து நின்றது.

அந்த வருத்தத்தில்தான் மற்றவர்களுக்கு மனு எழுதித் தரத் தொடங்கினேன். அரூர், பாப்பிரெட்டிப்பட்டியை ஒட்டிய மலை ஊர்க்காரர்கள், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள், ஓசூரில் வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன். வாழ்க்கையில் இதுவரை ஒரு மனுகூட எழுதியிராதவர் இதைப் படிக்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போலீஸை விசாரிக்கத் தனி அமைப்பு இருக்கிறதா?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. இருந்திருக்க வேண்டும். 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் துறை மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கு ஒன்றும் மாவட்டத்துக்கு ஒன்றுமாகப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர்; மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். அவர்கள் பரிந்துரைத்தால் துறை அதன்படி நடந்தே ஆக வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்குக் கூடுதல் டி.ஜி.பி.யும். உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் மீது நீங்கள் கொடுக்கும் புகாரை அவருடைய மேலதிகாரியே உட்கார்ந்து விசாரிப்பார் என்பதுதான் இதன் பொருள். நீதிபதி இருக்க வேண்டிய நாற்காலியில் நிர்வாகத்தை உட்கார வைத்ததை எந்த விளக்கத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் ஆகாது. அரூர் வட்டத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போனது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். அவர்களில் 84 பேர் காவல் துறையினர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. கலெக்டர், எஸ்.பி. என்ற அதே இரு பதவிகளைத்தான் இன்றைய சட்டம் மாவட்டப் புகார் ஆணையத்தில் உட்கார வைத்திருக்கிறது.

ஆகவே, ஒரே இடத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு நீதி வரும் என்று காத்திருக்காதீர்கள். எஸ்.பி.க்குக் கீழ் வேலை பார்க்காத மூவரிடம் உங்களுக்கு நடந்தது எழுத்தில் பதிவாக வேண்டும்: அரசு மருத்துவர், மாஜிஸ்திரேட், மனித உரிமை ஆணையம்.

ஆள் இன்னும் உள்ளேயே இருந்தால்

மற்றதெல்லாம் அப்புறம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இதில் சேராது. கைதின்போது கைது குறிப்பாணை எழுதி, குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தவை இவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கின்றன. கைதானவர்களின் விவரத்தைச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அவர் யார் என்று கேளுங்கள்.

"கைதெல்லாம் இல்லை, சும்மா விசாரணைக்குத்தான்" என்பார்கள். கைது இல்லையென்றால் எழுந்து வீட்டுக்கு வரலாம். விடமாட்டோம் என்றால் அது சட்டவிரோதக் காவல். அந்த நிமிடமே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மாவட்டத் தலைமை நீதித்துறை நடுவருக்கும் (தலைமை மாஜிஸ்திரேட்) மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்னார், இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில் அழைத்துச் செல்லப்பட்டார், இன்ன நிலையத்தில் இருக்கிறார். இரண்டே வரி போதும். அந்த மின்னஞ்சலில் பதிவாகும் நேரத்தைப் பிறகு யாராலும் மாற்ற முடியாது. நாளை வேறு நேரத்தில் கைது காட்டினால் உங்கள் கையில் இருப்பது அதுதான். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. நம் இரு மாவட்டங்களும் சென்னை அமர்வின் கீழ் வருபவை. மதுரைக்குப் போக வேண்டாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பெண்களைப் பொறுத்தவரை இரண்டு விதிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. இது 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் பொருந்தும். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும்.

ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது, அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். வேனில் வரும்போதே "எதுவும் சொல்லாதே, ஜாமீனுக்கு நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று பேசியிருப்பார்கள். நம்ப வேண்டாம். சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டச் சொல்லி உங்கள் ஆளிடம் யாராவது ஒருவர் காதில் போட்டுவிடுங்கள்.

முதல் நாள்: மருத்துவமனை

வெளியே வந்தவுடன் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், ஓசூர், அரூர் அரசு மருத்துவமனைகள், எது பக்கமோ அது. பயமாக இருந்தால் அந்த ஸ்டேஷன் எல்லையைத் தாண்டிய மருத்துவமனைக்குப் போகலாம்.

அங்கே விபத்துப் பதிவேட்டில் பதிய வேண்டும். மருத்துவமனையில் இதை ஏ.ஆர். என்பார்கள். யார் அடித்தது, எப்போது, எங்கே, எதால் என்று நான்கு கேள்விகளுக்கு நீங்கள் சொல்வதை டாக்டர் அதில் எழுதுவார். "இன்ன காவல் நிலையத்தில், நேற்று இரவு 11 மணிக்கு, இன்னார், லத்தியால்" என்று முழுதாகச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் எஸ்.ஐ., ஏட்டு என்று பதவியைச் சொல்லுங்கள். "கழிவறையில் வழுக்கி விழுந்தார்" என்ற வரியைத் தமிழ்நாட்டில் எத்தனையோ வழக்குகளில் படித்திருக்கிறோம். அதை உங்கள் வாயாலேயே சொல்லிவிடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு, பிரதி கேட்டு எழுதிக் கொடுங்கள். உள்நோயாளியாகச் சேரச் சொன்னால் சேர்ந்துவிடுங்கள். பாதியில் கிளம்பினால் காயம் அவ்வளவு பெரிதில்லை என்ற வாதத்துக்கு அதுவே இடம் கொடுக்கும்.

காயங்களைப் போட்டோ எடுங்கள். கன்றிய இடம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் நன்றாகத் தெரியும்; அப்போதும் எடுங்கள். ரத்தம் பட்ட துணியைத் துவைக்காமல் காகிதக் கவரில் வையுங்கள். அன்று இரவே, தூங்கும் முன், நடந்ததை மணிவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வண்டி, யார் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், டீ வாங்கி வந்தது யார் என்பதுவரை.

அடுத்தது சி.சி.டி.வி. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அந்த நிலையத்தின் கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அதனால் ஒரு வாரத்துக்குள், "இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணிவரையான பதிவை அழியாமல் காக்க வேண்டும்" என்று எஸ்.பி.க்குத் தனிக் கடிதம் அனுப்புங்கள். கூடவே 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி அந்தப் பதிவின் பிரதியையும் கேளுங்கள். மறுப்பார்கள். மறுத்தாலும், பதிவு இருந்தது, நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அந்தப் பதிலே சான்று.

மனு எழுதுவது

ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. தமிழிலேயே எழுதலாம். நீங்கள் யார்; எப்போது, எங்கே, என்ன நடந்தது; யார் செய்தது; யார் பார்த்தது; என்ன சான்று இருக்கிறது; என்ன நடவடிக்கை வேண்டும். இந்த வரிசை போதும். "எதிர்த்தரப்பிடம் லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு" என்று, கண்ணால் பார்க்காததை எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைப் பொய் என்று காட்டி மனு முழுவதையும் தள்ளிவிடுவார்கள். கோரிக்கையைப் பிரித்து எழுதுங்கள்: வழக்குப் பதிய வேண்டும், துறை நடவடிக்கை வேண்டும், சி.சி.டி.வி. பதிவைக் காக்க வேண்டும். மூலப் பிரதி எதையும் எவரிடமும் கொடுக்க வேண்டாம்.

எங்கே, எந்த வரிசையில்

முதலில் காவல் நிலையம். அடித்தவர் இருக்கும் இடத்திலேயே கொடுப்பதா என்று கேட்பீர்கள். வேறு எந்த நிலையத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் வழக்குப் பதிய வேண்டும் என்பதே இப்போதைய சட்டம். மனுவை வாங்கினால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பலர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான சீட்டு மட்டுமே. கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாக மனுவில் இருந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணையை முடிக்கலாம். மாதக்கணக்கில் "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம்.

பதியவில்லையென்றால் அதே புகாரை எஸ்.பி.க்கு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையோடு ரசீது. தபாலில் என்றால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் போகும்போது, ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் கொடுத்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டுக்கும் ரசீது, கூடவே பிரமாணப் பத்திரம் இருந்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175-ஆவது பிரிவில் விசாரணைக்கு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அரசு ஊழியர் பணியின்போது செய்தது என்றால் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் கேட்பார் என்பது புதிய சட்டம் சேர்த்த தடை. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

இதற்கு நடுவே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுங்கள். "மாவட்டக் காவல் புகார் ஆணையத் தலைவர்" என்றே முகவரி எழுதுங்கள். இதனால் பெரிதாக ஏதும் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனு எண் கிடைக்கும். அந்த அமைப்புக்குப் புகாரே வரவில்லை என்று நாளை யாரும் சொல்ல முடியாது.

என் அனுபவத்தில் சாதாரண மக்களுக்குக் கொஞ்சமாவது பலன் தந்தது மாநில மனித உரிமை ஆணையம்தான். 1997-இல் தொடங்கப்பட்டது. முகவரி: திருவரங்கம், 143, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை, சென்னை 600028. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. காவல் துறையிடம் அறிக்கை கேட்பார்கள், இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். இழப்பீடு கொடுக்கவும், அதைத் தவறு செய்தவரிடமிருந்து பிடிக்கவும், துறை நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரைப்பார்கள். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆனால் மூன்று இடங்களில் மக்கள் சறுக்குகிறார்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு ஆணையம் விசாரிக்காது. மாநில ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் புகாரை டெல்லியில் உள்ள தேசிய ஆணையம் எடுக்காது. ஆகவே இரண்டுக்கும் அனுப்பி இரண்டையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்.பி.க்கு எழுதிய மனுவின் கீழே "நகல்: மனித உரிமை ஆணையம்" என்று போட்டால் அது புகாராகாது. ஆணையத்தின் பெயருக்கே தனியாக எழுத வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதையும் ஆணையம் பொதுவாகத் தொடாது என்பதால், எதை முதலில் செய்வது என்று சட்டப் பணிகள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

காவலில் மரணம், காணாமல் போதல், பாலியல் வன்கொடுமை என்றால் கதையே வேறு. மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனைக்கு வீடியோ பதிவு கேளுங்கள். உடலைப் பெற்றுக்கொள்ளும்முன் வழக்கறிஞரோடு பேசுங்கள்.

லஞ்சம் கேட்கிறார்கள் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. கொடுப்பதற்கு முன்பே போங்கள். கட்டாயத்தால் கொடுத்துவிட்டிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். இல்லையேல் கொடுத்தவரும் குற்றவாளி ஆகலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு, அவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருந்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் பேச்சின் தொனி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சமாதானம் பேச வருவார்கள்

மனு மேலே போன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஊரில் செல்வாக்குள்ள யாராவது ஒருவர் வீட்டுக்கு வருவார். "அவரும் பிள்ளை குட்டிக்காரர். நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் அதே ஸ்டேஷனுக்குத்தானே போக வேண்டும்?" என்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள்மேல் உண்மையான அக்கறையோடுகூட வந்திருக்கலாம். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்புங்கள். "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்", "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்ற காகிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டினால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி, அதையே ஒரு கூடுதல் மனுவாக எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் மீது எதிர்வழக்கு வந்தால் பதறி ஓடி ஒளிய வேண்டாம். வழக்கறிஞர் மூலம் முன்ஜாமீனுக்குப் போங்கள். உங்கள் புகாரின் தேதி முந்தியது, அந்த வழக்கின் தேதி பிந்தியது என்பதே நீதிமன்றத்தில் பேசும்.

தனி ஆளாக நிற்காதீர்கள். ஊர்ப் பெரியவர், சங்கம், வார்டு உறுப்பினர், வேலை செய்யும் இடத்துத் தோழர் என நான்கு பேருக்காவது விவரம் தெரிந்திருக்கட்டும். வாச்சாத்திப் பெண்கள் முப்பது ஆண்டு நின்றதற்குப் பின்னால் மலைவாழ் மக்கள் சங்கம் நின்றது.

மனித உரிமை ஆணையத்தில் விசாரணை என்று சம்மன் வந்தால் முதல் நாள் இரவே சென்னைக்குப் பஸ் ஏறிவிடுங்கள். வர முடியாத நாள் என்றால் முன்கூட்டியே எழுதி வாய்தா கேளுங்கள். சொல்லாமல் இருந்தால் புகாரையே முடித்துவிடுவார்கள். பையில் ஏ.ஆர். பிரதி, சி.எஸ்.ஆர். ரசீது, தபால் ஒப்புகைகள், போட்டோக்கள், மணிவாரியாக எழுதிய அந்த நோட்டு ஆகியவற்றின் மூலமும் இரண்டு நகல்களும் இருக்கட்டும். பார்த்த சாட்சி ஒருவரையாவது கூட்டிச் செல்லுங்கள். அடித்தவரும் அதே வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார். அவருடைய வழக்கறிஞர் நயமாகப் பேச்சுக் கொடுத்தால், "உள்ளே சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.